வண்ணமா, கறுப்பு வெள்ளையா? தோட்டப்புற நிலக்காட்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

மலேசியாவின் வட சிலாங்கூரில் உள்ள ஈஜோக் வட்டாரத்தைப் படமெடுக்கப் புறப்படுபவருக்கு முதலில் எதிர்ப்படுவது செம்பனை. ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளி விட்டு முக்கோண முறையில் நட்ட மரங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர்கோடாக ஓடும் நிரைகள். நடுவே செம்மண் பாதை. மேலே பெரும்பாலும் வெளுத்துக் கிடக்கும் ஈரவானம். வண்ணத்தில் எடுத்தால் பச்சை மற்றதையெல்லாம் விழுங்கிவிடும் என்பார் ஒருவர். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மண்ணின் சிவப்பே போய்விடும், பிறகு இது எந்த ஊர் என்று எப்படித் தெரியும் என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

நிலக்காட்சிக்கு வண்ணம் பொருந்துமா, கறுப்பு வெள்ளை பொருந்துமா என்ற வாதம் நூறாண்டுக்கு மேல் நடந்துவருகிறது. இதற்குக் கிடைத்த விடைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிலத்தில் பிறந்தவை. கலிபோர்னியாவின் பாறைமலையில் பிறந்தது ஒன்று. கங்கைக் கரையில் வளர்ந்தது மற்றொன்று. வேறொரு மண்ணில் அவை எந்த அளவுக்குச் செல்லும் என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம். காப்பி, கித்தா, செம்பனை என்று ஒரு நூற்றாண்டுக்குள் உருமாறிய, பெருமளவு தமிழர் உழைப்பால் உருவான வட சிலாங்கூர்த் தோட்டங்கள் அந்தச் சோதனைக்கு ஏற்ற களம்.

தேர்வே இல்லாத காலம்

ஒளிப்படக் கலையின் முதல் எண்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு நடைமுறையில் இடமில்லை. பிரான்சில் லூயி டியூகோ து ஓரோன் 1877இல் ஆஜான் நகரக் காட்சியை வண்ணத்தில் பதித்தார் என்பது உண்மை. ஆனால் விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்தக்கூடிய வண்ணத் தகடு 1907இல் லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் வழியாகத்தான் சந்தைக்கு வந்தது. கோடாகுரோம் 1935இல் அறிமுகமானது. ஆட்டோகுரோம் வரும்வரை கறுப்பு வெள்ளை யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்த பாணி அல்ல, கருவியின் எல்லை.

அந்தக் கறுப்பு வெள்ளையும் கண்ணுக்கு நேர்மையாக இருந்ததில்லை. பழைய தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. வானம் வெறும் வெள்ளையாகும். பச்சையும் சிவப்பும் இருண்டுபோகும். பின்னாளில் மதராஸ் மாகாணத்தின் கோயில்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற லினேயஸ் டிரைப், 1855இல் பர்மாவில் எடுத்த படங்களின் நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவ்களை இணைத்து அச்சிட்டார். 1873இல் ஹெர்மான் ஃபோகல் சாயம் சேர்த்துத் தகட்டின் உணர்திறனை விரிக்க வழி கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவலாகின.

மலாயாவின் நிலக்காட்சி உலகுக்குத் தெரியவந்தது இந்தக் காலத்தில்தான். சிங்கப்பூரில் இயங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனமும், மேடானைச் சேர்ந்த சி.ஜே. கிளைன்குரோத்தேயும் தோட்டங்களையும் ரயில் பாதைகளையும் சுரங்கங்களையும் ஒற்றை நிறத்தில் பதித்தனர். அன்றைய வண்ண அஞ்சலட்டைகள் கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் பின்னர் நிறமேற்றியவை. நிறமேற்றியவர் பெரும்பாலும் அந்த நிலத்தைப் பார்த்திராதவர். தென்னைக்கு இன்ன பச்சை, மண்ணுக்கு இன்ன சிவப்பு என்பது அவருடைய ஊகம். வண்ணம் என்றாலே உண்மை என்றோ, கறுப்பு வெள்ளை என்றாலே நேர்மையான ஆவணம் என்றோ கொள்ள அந்தக் காலம் இடம் தரவில்லை.

வடிவத்தை முன்வைப்போர்

வண்ணம் கைக்கு எட்டிய பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றவர்களின் தலைமகன் ஆன்சல் ஆடம்ஸ். 1927இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுத்தபோது முதலில் மஞ்சள் வடிகட்டியைப் பயன்படுத்தினார். நிறைவு தராததால், எஞ்சியிருந்த கடைசித் தகட்டில் அடர்சிவப்பு வடிகட்டியைப் போட்டார். வானம் ஏறக்குறையக் கறுப்பாகி, பாறை தனித்து எழுந்து நின்றது. பின்னர் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் வகுத்த மண்டல முறை, காட்சியின் ஒவ்வொரு ஒளியளவும் அச்சில் எந்தச் சாம்பலாக வரவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கக் கற்றுக்கொடுத்தது.

இந்தத் தரப்பின் வாதம் எளிது. நிறம் கண்ணை ஈர்த்து வடிவத்திலிருந்து விலக்குகிறது. நிறத்தை நீக்கினால் ஒளியும் நிழலும் மேற்பரப்பும் பேசும். செம்பனை நிரைகளைப் பார்த்தால் இதன் வலிமை புரியும். மட்டைகளின் அடுக்கு, தண்டில் ஒட்டி வளரும் பெரணி, நிரையின் முடிவில் தெரியும் வெளிச்சப் புள்ளி ஆகிய மூன்றும் ஒளியளவால் நிற்பவை. எல்லாமே பச்சையாக இருக்கும் இடத்தில் பச்சை புதிதாக எதையும் சொல்வதில்லை.

ஆனால் ஆடம்ஸின் முறையை அப்படியே கொண்டுவருவதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது காற்று. உயர்ந்த மலையின் வறண்ட காற்றில் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். சிவப்பு வடிகட்டி அந்த நீலத்தைத் தடுத்துக் கறுப்பாக்கும். கோலசிலாங்கூரின் கடலோர ஈரக்காற்றிலும், புகைமூட்ட நாட்களிலும் நீர்த்துளிகளும் புகைத்துகள்களும் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கின்றன. வெளுத்த வானத்தில் வடிகட்டி தடுப்பதற்கு நீலம் அதிகமில்லை. அதே சிவப்பு வடிகட்டி இலைகளை இருட்டாக்குவதால் செம்பனைத் தோப்பு ஒரே கறுப்புத் திரளாகிவிடும். இங்கே பச்சை வடிகட்டியே இலைக்கு வெளிச்சம் கூட்டும். அகச்சிவப்பு முறை இன்னொரு வழி. ராபர்ட் உட் 1910இல் காட்டியபடி அதில் இலைகள் பனிபோல் வெளுக்கும். ஆனால் அந்த நிலக்காட்சி எந்த மனிதக் கண்ணும் காணாத ஒன்று.

இரண்டாவது சிக்கல் இன்னும் கனமானது. ஆடம்ஸின் இயற்கையில் பெரும்பாலும் மனிதர் இல்லை. தோட்டமோ மனிதர் கையால் ஆன நிலம். நிரைகளின் வடிவ அழகில் மயங்கும் படம், அந்த நிரையை நட்டவரையும் களையெடுத்தவரையும் குலை வெட்டியவரையும் மறைத்துவிடக்கூடும். இதை ஓரளவு உணர்ந்து எழுந்ததுதான் 1975இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தில் நடந்த நியூ டோபோகிராஃபிக்ஸ் கண்காட்சி. மனிதர் மாற்றியமைத்த நிலமே அதன் பொருள். பங்கேற்றவர்களில் ஸ்டீபன் ஷோர் ஒருவர் மட்டுமே வண்ணத்தில் எடுத்திருந்தார். மற்றவர்கள் உணர்ச்சி கலவாத கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தனர். கறுப்பு வெள்ளை இயற்கையைப் புகழ்ந்து பாடத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு அது சான்று.

வண்ணத்தை முன்வைப்போர்

எதிர்த் தரப்புக்கு நிலக்காட்சியில் உறுதியான அடித்தளம் போட்டவர் எலியட் போர்ட்டர். மருத்துவம் படித்து, பறவைகளைப் படமெடுக்க வந்தவர். பறவையின் நிறம் அதன் அடையாளம். அதை விட்டுவிட்டு அறிவியல் பேச முடியாது. அந்தக் கண்ணோட்டத்தைக் காட்டுக்கும் நீட்டி 1962இல் சியரா கிளப் வெளியீடாக அவர் தந்த நூல், வண்ண நிலக்காட்சிக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தது.

இந்தியாவில் இந்தக் கட்சியின் வலிமையான குரல் ரகுபீர் சிங் (1942–1999). கங்கை முதல் கேரளம் வரை வண்ணத்திலேயே எடுத்த அவர், 1998இல் வெளிவந்த தம் பெருந்தொகுப்பில் இதைப் பண்பாட்டு வாதமாகவே முன்வைத்தார். இந்தியக் கண் வண்ணத்தில் பார்க்கப் பழகியது. கறுப்பு வெள்ளையின் தனிமையும் துயரும் மேற்கின் மனநிலையிலிருந்து வந்தவை என்பது அவர் வாதத்தின் சாரம்.

வட சிலாங்கூரில் இந்த வாதத்துக்கு உறுதியான சான்று செம்பனைக் குலை. பழுக்காத காய் கருவூதா நிறத்தில் இருக்கும். பழுக்கப் பழுக்க அடியிலிருந்து செம்மஞ்சள் ஏறும். குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்ப்பது இந்த நிறத்தையும், குனிந்து பார்ப்பது மரத்தடியில் உதிர்ந்த பழங்களையும். எந்தக் குலையை வெட்டுவது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது என்ற முடிவு அதில் அடங்கியிருக்கிறது. கறுப்பு வெள்ளையில் இந்த வேறுபாடு வெறும் சாம்பல் அளவாகச் சுருங்கும். நீலத்தை மட்டும் உணரும் பழைய தகட்டிலோ காயும் பழமும் ஒன்றாகக் கறுத்துவிடும். தொழிலாளியின் கண் எதைப் படித்ததோ அதுவே படத்தில் இல்லாமல் போகும். கித்தா மரங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் இலை பழுத்து உதிர்வதும், செகிஞ்சான் வயல்கள் ஆண்டுக்கு இரண்டு போகம் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறுவதும் நிறத்தால்தான் காலத்தைச் சொல்கின்றன. நிலத்தைப் பொழுதோடு சேர்த்தே இலக்கணம் வகுத்த தமிழ் மரபுக்கு இது அந்நியமான எண்ணம் அல்ல.

ஆனாலும் ரகுபீர் சிங்கின் பண்பாட்டு வாதத்தை முழுமையாக ஏற்கத் தயக்கம் எழுகிறது. ஆனந்த விகடன் இதழில் ஓவியர் சில்பி தீட்டிய கோயில் சித்திரங்கள் கறுப்பு வெள்ளைக் கோடுகளால் ஆனவை. தமிழகத்துக் கோபுரங்களையும் சிற்பங்களையும் ஒரு தலைமுறை வாசகர் அவற்றின் வழியே பார்த்துப் பழகினர். அவற்றில் மேற்கத்தியத் துயரம் எதுவும் இல்லை. வாசலில் இடும் கோலம் மண்ணின் மேல் வெண்மை. இந்தியக் கண் என்று ஒரே கண்ணைக் கற்பிப்பதில் உள்ள குறை இது.

வண்ணம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்பதும் கேள்விக்குரியது. 1990இல் வந்த ஃபூஜியின் வெல்வியா படச்சுருள் பச்சையையும் சிவப்பையும் கூட்டிக் காட்டியதாலேயே நிலக்காட்சிக்காரர்களிடம் பெயர்பெற்றது. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னும் காட்சி இதற்கு இன்னொரு சோதனை. மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் நிற உணர்வு பெரிதும் ஒடுங்கிவிடுகிறது. ஆகவே படகில் இருப்பவருக்கு மரங்களும் ஆறும் ஏறக்குறையச் சாம்பலாகத்தான் தெரியும். நீண்ட நேரம் ஒளிவாங்கிய வண்ணப்படத்திலோ வானம் நீலமாகவும் இலை பச்சையாகவும் வரும். தனித்தனி மின்னல்கள் ஒன்றாகக் குவிந்து மரம் முழுதும் புள்ளிகளாக நிற்கும். இங்கே கண் கண்டதற்கு அருகில் நிற்பது எது என்றால், கறுப்பு வெள்ளை என்றுகூட வாதிடலாம்.

காலம் என்னும் சிக்கல்

மேற்சொன்ன இரு தரப்பும் படம் எப்படித் தெரிகிறது என்று பேசுகின்றன. மூன்றாவது தரப்பு வேறொன்றைக் கேட்கிறது: படம் எந்தக் காலத்தைச் சேர்ந்ததாகத் தோன்றுகிறது?

கறுப்பு வெள்ளையைக் கண்டதும் பழங்காலம் என்று மனம் தானாகவே முடிவுகட்டுகிறது. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. தோட்டங்களின் பழைய படங்கள் ஆவணக் காப்பகங்களிலும் ஆண்டு மலர்களிலும் கறுப்பு வெள்ளையாகவே கிடைக்கின்றன. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் தன் ஆயுளின் பெரும்பகுதியில் தோட்டச் செய்திகளைக் கறுப்பு மையில்தான் அச்சிட்டது. லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அந்த நிறத்தில்தான் பொது நினைவில் பதிந்தன.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஈஜோக்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத பெஸ்தாரி ஜெயாவில், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தையில், மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரத்தை 1917இல் ஹென்ரி ஃபோக்கோனியே நிறுவினார். பிரெஞ்சுக்காரரான இவர், மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்றவர். நூறாண்டு கடந்தும் அந்த வட்டாரத்தில் செம்பனை நிற்கிறது. பலர் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டாலும் தோட்ட வாழ்வு முற்றிலும் முடிந்துபோன கதை அல்ல. இன்று எடுக்கும் தோட்டப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் தரும்போது, உயிரோடு இருக்கும் ஒரு நிலத்தை நினைவுச் சின்னமாக்கிவிடும் அபாயம் உண்டு. வீட்டுரிமையும் பள்ளியின் எதிர்காலமும் இன்னும் பேசப்படும் இடத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) இதற்கு நேரெதிர்த் திசையில் சென்றது. 1960களின் கித்தாத் தோட்டக் குடும்பம் ஒன்றின் கதையை வண்ணத்தில் சொன்ன மலேசியத் தமிழ்ப் படம் அது. பழங்காலம் என்பதால் நிறமிழந்திருக்க வேண்டியதில்லை என்பதை அது நடைமுறையில் காட்டியது.

கறுப்பு வெள்ளை துயரத்தை அழகாக்கிவிடுகிறது என்ற குற்றச்சாட்டும் இந்தத் தரப்பைச் சேர்ந்ததே. செபாஸ்தியோ சல்காடோவின் உழைப்பாளர் படங்களைப் பற்றி 1991இல் நியூயார்க்கர் இதழில் இங்க்ரிட் சிஷி எழுதிய கடுமையான விமர்சனம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஆனால் அழகாக்கும் குறை வண்ணத்துக்கும் பொதுவானது. எட்வர்ட் பர்டின்ஸ்கி 2016இல் போர்னியோவின் செம்பனை நிலங்களில் காடழிப்பை வானிலிருந்து வண்ணத்தில் எடுத்தார். அழிவைக் காட்டும் அந்தப் படங்கள் கண்ணுக்கு இனியவையாகவும் இருப்பது குறித்துப் பார்வையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இந்தத் தரப்பின் பலவீனம், பார்வையாளரின் பழக்கத்தையே அது நம்பியிருப்பது. பழக்கம் மாறும். 1970களின் வண்ண அச்சுகள் மங்கிச் சிவந்துபோய், இன்று அந்தச் சிவப்பே ‘அந்தக் காலம்’ என்பதன் அடையாளமாகிவிட்டது. கைப்பேசியில் ஒரு தட்டலில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பழகிய தலைமுறைக்கு அது பழமையைவிடப் பாணியாகவே தோன்றலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மலேசிய வழியும் இருக்கிறது. பினாங்குக் கலைஞர் இஸ்மாயில் ஹாஷிம் (1940–2013) கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட அன்றாடக் காட்சிகளுக்குத் தம் கையால் வண்ணம் தீட்டினார். பழைய அஞ்சலட்டைக்காரரின் கைவேலைதான். ஆனால் இது அந்த ஊரிலேயே வாழ்ந்தவரின் கை. எந்த நிறம் எங்கே வேண்டும் என்பதை அச்சகமோ படச்சுருளோ முடிவு செய்யவில்லை.

காட்சிக்கேற்ப முடிவெடுப்போர்

இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது நான்காவது நிலைப்பாடு: விதி வேண்டாம், ஒவ்வொரு காட்சியையும் தனித்தனியாக எடைபோடலாம். இதற்குத் தொழில்நுட்பம் துணைநிற்கிறது. கோடக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் உணரியில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளில் ஒன்று இருக்கிறது. எடுக்கும்போதே வண்ணம் பதிவாகிவிடுகிறது. கறுப்பு வெள்ளை பிறகு பிரித்தெடுப்பது.

பிரித்தெடுக்கும் விதத்தில்தான் சூட்சுமம். வழக்கமான ஒரு கணக்கு சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 விழுக்காடு எடை கொடுக்கிறது. செம்மண் பாதையும் ஓரத்துப் புல்லும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்தால், நிறத்தில் எதிரெதிராக நிற்கும் அவை இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிக் கலந்துவிடும். சிவப்பின் எடையைக் கூட்டினால் பாதை வெளுத்துத் துலங்கும். பச்சையைக் கூட்டினால் புல் எழும், பாதை தாழும். புக்கிட் மெலாவத்தி குன்றில் சாம்பல் நிறத் தாய்க்குரங்கின் மடியில் இருக்கும் பளிச்சென்ற செம்மஞ்சள் குட்டிக்கும் இதே கதிதான்: எந்த வடிகட்டி என்பதைப் பொறுத்து அது தாயைவிட வெகுவாக வெளுக்கலாம், தாயோடு ஒன்றிப்போகவும் செய்யலாம்.

ஆகவே இந்தத் தரப்பார் கேட்கும் கேள்வி நடைமுறை சார்ந்தது. காட்சியைப் பிரித்துக் காட்டுவது நிற வேறுபாடா, ஒளி வேறுபாடா? நிறம் என்றால் வண்ணம். ஒளி என்றால் கறுப்பு வெள்ளை. எளிமையான, பெரும்பாலும் கைகொடுக்கும் அளவுகோல் இது.

குறை என்னவென்றால், முடிவைத் தள்ளிப்போடுவதால் பார்வையே தளர்ந்துபோகிறது. வண்ணத்தில் தேறாத படத்தைக் காப்பாற்றும் கடைசி வழியாகக் கறுப்பு வெள்ளை ஆகிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் எடுப்பது என்று முன்பே தீர்மானித்தவர் வேறு நேரத்தில் வருவார், வேறு இடத்தில் நிற்பார். இதனாலேயே லைகா நிறுவனம் 2012இல் வண்ணமே பதியாத டிஜிட்டல் கேமரா ஒன்றை வெளியிட்டபோது, விலை அதிகம் என்றாலும் அதற்கும் ஆள் இருந்தார்கள். காலம் பற்றிய கேள்விக்கும் இந்த அளவுகோலில் இடமில்லை. செம்பனை நிரை ஒளியால் நிற்கிறது என்பதற்காக அதை இறந்தகாலம் ஆக்கலாமா என்பதற்கு அது விடை சொல்லாது.

நிலைத்து நிற்பது எது?

படம் எத்தனை காலம் நிற்கும் என்பதும் ஒரு காலத்தில் தேர்வைத் தீர்மானித்தது. நன்றாகக் கழுவி நிலைப்படுத்திய வெள்ளிப் படிமம் நூறாண்டு தாண்டும். சாய வண்ணங்கள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சிதைகின்றன. இதை விரிவாக ஆராய்ந்து ஹென்ரி வில்ஹெல்ம் 1993இல் நூலாக்கினார். நம் தட்பவெப்பத்தில் ஈரமும் பூஞ்சையும் சேர்ந்து இரண்டையுமே தாக்குகின்றன என்றாலும், வண்ண அச்சே முதலில் தோற்கிறது. டிஜிட்டல் கோப்பு இந்த வாதத்தின் வலுவைக் குறைத்திருக்கிறது. நகல்களைப் பேணுவது யார் பொறுப்பு என்ற புதிய கவலையைச் சேர்த்துமிருக்கிறது.

மதிப்பீடு

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது சில முடிவுகளுக்கு வர இடமிருக்கிறது. கறுப்பு வெள்ளை கலை, வண்ணம் வெறும் பதிவு என்ற பழைய தரவரிசைக்கு இன்று ஆதாரமில்லை. வண்ணமே உண்மை என்பதற்கும் இல்லை. வடிவத்தின் கட்சி செம்பனை நிரையிலும் கட்டடங்களிலும் வலுவாக நிற்கிறது. ஈரவானத்திலும் செம்மண்ணிலும் தடுமாறுகிறது. வண்ணத்தின் கட்சி உழைப்பையும் பருவத்தையும் காட்டுவதில் முந்துகிறது. ஒரே பச்சையிலும் இரவிலும் பின்தங்குகிறது.

தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை ஆவணமாக எடுக்கும் படங்களில் வண்ணத்துக்கு முன்னுரிமை தருவது பொருத்தமாகத் தோன்றுகிறது. குலையின் பழுத்த நிறமும் மண்ணின் நிறமும் கோயிலின் பூச்சும் தகவல்கள். இழந்தால் மீட்க முடியாதவை. வண்ணக் கோப்பிலிருந்து கறுப்பு வெள்ளை பிறக்கும், மறுதலை நடக்காது. இது கறுப்பு வெள்ளையைக் கைவிடச் சொல்வதாகாது. அதைக் கையாள்பவர், படம் இன்றையது என்பதை உடைகளாலோ வாகனங்களாலோ குறிப்புரையாலோ உணர்த்தும் பொறுப்பையும் சேர்த்து ஏற்கவேண்டும் என்றே இதன் பொருள்.

தீராத கேள்விகளும் உண்டு. கறுப்பு வெள்ளைக்கும் பழமைக்கும் உள்ள முடிச்சு அடுத்த தலைமுறையில் அவிழுமா என்பது அவற்றில் ஒன்று. நிற நுட்பத்தை மென்பொருளே முடிவு செய்யும் கைப்பேசிப் படங்களை எந்த அளவுக்கு வண்ண ஆவணமாகக் கொள்ளலாம் என்பது இன்னொன்று. மிக முக்கியமானது மூன்றாவது. ஆடம்ஸ் முதல் ரகுபீர் சிங் வரை இந்த வாதத்தில் பேசியவர்கள் படமெடுத்தவர்கள். படத்தில் உள்ள நிலத்தில் உழைத்தவர்கள் அல்லர். தென்னமரத்திலும் ஈஜோக்கிலும் வாழ்ந்த குடும்பங்கள் தங்கள் தோட்டம் எப்படிக் காட்டப்பட வேண்டும் என்று நினைக்கின்றன என்பது அநேகமாக யாரும் கேட்காத கேள்வியாகவே இருந்துவருகிறது. லயத்தில் வாழ்ந்த முந்தைய தலைமுறையினர் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அதைக் கேட்டுப் பதிவு செய்வது, இந்த வாதத்தில் இதுவரை விடுபட்ட தரப்பைச் சேர்க்கும்.